புது புஷ் ஏன் ஒரே வருடத்தில் கிழிகிறது?

கேள்வி: என்னிடம் இருப்பது 1967-ம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பிரேக் பிடித்தால் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம் கேட்கிறது, ஸ்டீரிங்கும் இழுக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் (கீழ்க் கை) காரோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் உருளைகளை, அதாவது புஷ்களை, போன வருடம்தான் புதிதாகப் போட்டேன். அதற்குள் மறுபடி கிழிந்துவிட்டன. பாலியூரித்தேன் புஷ் போட்டால் தீருமா?

பதில்: பாலியூரித்தேனுக்குப் போகும் முன், போன தடவை ஆர்மைப் பிடிக்கும் நட்டை எப்போது இறுக்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கார் ஸ்டாண்டில் நிற்க, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கியிருந்தால், கிழிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. அதன் உள்பக்கம் பிவட்டோடும் (ஆர்ம் ஆடும் அச்சு) வெளிப்பக்கம் ஆர்மோடும் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது நடுவில் உள்ள ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பருக்கு அதுதான் இயல்பு நிலை. காரை இறக்கி வைத்ததுமே ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும். கார் சும்மா நின்றாலும் முறுக்கு விடாது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் இன்னும் முறுக்கும். அப்புறம் எப்படித் தாங்கும்? எவ்வளவு நல்ல ரப்பராக இருந்தாலும் கிழியத்தான் செய்யும். நல்ல பொருளை வாங்கி இந்த ஒரு காரணத்தால் வீணாக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

அதனால் எல்லாவற்றையும் மாட்டியபின் நட்டுகளைக் கையால் நிற்கும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். காரைச் சக்கரத்தில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். சஸ்பென்ஷன் தன் இயல்பான உயரத்துக்கு வந்த பிறகு முழுதாக இறுக்கி, நட்டு கழலாமல் இருக்கக் காட்டர் பின் போடுங்கள். கீழே கை நுழையவில்லை என்றால் நான்கு சக்கரங்களையும் உறுதியான பலகைகளின் மேல் ஏற்றிக்கொள்ளலாம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள்.

பிரிக்கும்போது கவனம் வைக்க வேண்டியது காயில் ஸ்பிரிங். அது பெரும் விசையோடு சுருங்கி நிற்கிறது. ஸ்பிரிங் உட்காரும் தட்டான ஸ்பிரிங் பேனுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித்தான் விசையை விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆர்மைக் கழற்றியதும் புஷ் உட்காரும் துளையையும் பிவட்டையும் நன்றாகத் துடைத்துப் பாருங்கள். பழைய புஷ் தேய்ந்துபோய் இரும்போடு இரும்பு உரசியிருந்தால் துளை நீள்வட்டமாகியிருக்கும். அப்படிப்பட்ட ஆர்மில் எந்தப் புஷ்ஷும் நிற்காது, ஆர்மையே மாற்றுங்கள். மேலே எஞ்சின் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். ஆயில் பட்ட ரப்பர் ஊதிப்போய்க் கொழகொழவென்று ஆகிவிடும்.

இனி எந்தப் புஷ் என்ற கேள்வி. உங்கள் காரில் வந்தது இரண்டு பாதியாக நுழைக்கும் வெறும் ரப்பர். 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8-க்கு, நடுவில் இரும்புக் குழாய் வைத்த ஒற்றைப் புஷ் உண்டு. அது உங்கள் ஆர்மிலும் பொருந்தும். சாலையில் ஓட்டும் காருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ரப்பரின் மென்மையும் போகாது, ஸ்டீரிங்கும் தெளிவாக இருக்கும். உள்ளே தள்ள நல்ல வைஸ் (திருகி இறுக்கும் பிடி) வேண்டும், அவ்வளவுதான். பாலியூரித்தேன் வேறு வகை. அது உள்குழாயின் மேல் சுழலும், அதனால் முறுக்கிக் கிழியாது. ஆனால் இறுக்கமானது. சாலையின் ஒவ்வொரு அதிர்வும் உடம்புக்கு வரும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். பந்தயத்தில் ஓட்டுபவர்களுக்கு அது சரி.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் (எஃகுப் பட்டை ஸ்பிரிங்) முன் கண்ணில், அதாவது முன்முனை வளையத்தில் உள்ள புஷ் துருப்பிடித்து அசையவே இல்லை. நெருப்பு வைத்து எரித்து எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். எரியும் ரப்பரின் புகை நுரையீரலுக்கு நஞ்சு. சூடு ஏறினால் ஸ்பிரிங் எஃகின் பதமும் கெட்டுவிடும். ரப்பரைச் சுற்றித் துளைகள் போட்டு நடுக்குழாயை முதலில் வெளியே தள்ளுங்கள். பிறகு ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு, வெளி உறையை மட்டும் நீளவாக்கில் அறுங்கள். பொறுமையாக அறுக்க வேண்டும், ஸ்பிரிங் கண்ணில் வெட்டு விழுந்தால் பின்னால் அங்கேதான் விரிசல் விடும். உறை பிளந்ததும் தட்டினால் வந்துவிடும்.

கேள்வி: புது ரப்பர் புஷ் நுழைய சாதாரண கிரீஸ் தடவலாமா?

பதில்: கூடாது, பெட்ரோலிய கிரீஸ் ரப்பரைத் தின்றுவிடும். சோப்புத் தண்ணீர் போதும், நுழைந்தபின் காய்ந்துவிடும். பாலியூரித்தேன் என்றால் அதற்குரிய சிலிக்கான் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள்.