காலாண்டு லீவில் ஒரு குட்டி டூர்: கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறார்கள், எத்தனை பேர், குழந்தைகளுக்கு என்ன வயது என்ற மூன்று விவரமும் இல்லை. அவற்றை ஒதுக்கிவிட்டு மீதியை எடுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் வாரமும் இரண்டு பருவமழைக்கு நடுவே வருகிற இடைவெளி. மலைகளில் காலை பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் இடியும் மழையும். கீழே உள்ள பதில்களில் பாதி இதை வைத்துத்தான்.

கே: அக்டோபர் 1 இரவு சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் போக வேண்டும். டிக்கெட் எப்போது போடலாம்? (பெரம்பூர்)

ஆகஸ்ட் 2, காலை 8 மணி. 120 நாள் முன்பே டிக்கெட் போடும் கணக்கு 2024 அக்டோபரோடு முடிந்தது. இப்போது 60 நாள்தான். லீவு தேதி உறுதியாகட்டும் என்று செப்டம்பர் வரை உட்கார்ந்திருந்தால் நீலகிரி எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட் சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. கடைசி வழி தட்கல்: முந்தின நாள் ஏசிக்குக் காலை 10, ஸ்லீப்பருக்கு 11. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வையுங்கள், 9.55க்கு ஓடிபி வராமல் தவிக்க வேண்டாம். நடு ஸ்டேஷனில் நள்ளிரவு தாண்டி ஏறுபவர்கள் தேதியை இரண்டு முறை பாருங்கள். 12.20 என்றால் அது மறுநாள். இந்தத் தப்பை வருஷா வருஷம் யாராவது செய்கிறார்கள்.

கே: பையனுக்கு 5 வயது முடிந்துவிட்டது. அரை டிக்கெட்டா? (விருதுநகர்)

5 முதல் 12 வயதுக்குள் பெர்த் வேண்டாம் என்றால் அரை, பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட். இரவுப் பயணத்துக்கு முழு டிக்கெட்டே போடுங்கள். 5 வயதுப் பிள்ளையை ஒரே பெர்த்தில் அணைத்துக்கொண்டு படுத்தால் மறுநாள் ஊர் சுற்ற உங்களுக்குத் தெம்பு இருக்காது.

கே: மேட்டுப்பாளையம் பொம்மை ரயிலில் இடம் இல்லை. குழந்தைகள் அழுகிறார்கள். (மேற்கு மாம்பலம்)

குன்னூர்–ஊட்டி மட்டும் போய் வாருங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும், இடமும் சுலபம். பல்சக்கரத் தண்டவாளம் மட்டும் கல்லாறு–குன்னூர் பகுதியில்தான் இருக்கிறது, அது தவறிப்போகும். அக்டோபரில் பெருமழை பெய்தால் மண் சரிந்து முழு ரயிலே நிற்கும் என்பதால், அதை மட்டும் நம்பி டூர் போடாதீர்கள்.

கே: மலைக்குப் போகும் வண்டிக்கான இ-பாஸ் இன்னும் இருக்கிறதா? ஒருவர் 300 ரூபாய்க்கு எடுத்துத் தருகிறேன் என்கிறார். (ஓசூர்)

இருக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல், வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல். கட்டணம் எதுவும் இல்லை, நீங்களே ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம். வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தங்கும் இடம், தேதி, அவ்வளவுதான் கேட்பார்கள். வாடகை வண்டி என்றால் எண் உறுதியான பிறகு எடுங்கள்; கிளம்பும்போது வேறு வண்டி வந்து நின்றால் பாஸ் செல்லாது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலையடிவாரச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போங்கள்.

கே: நாலு நாள் லீவு. சென்னையிலிருந்து காரில் கொடைக்கானல், மூணாறு, தேக்கடி, முடிந்தால் ஊட்டி. ரூட் போட்டுத் தரவும். (ஆவடி)

தர மாட்டேன். இந்த ஒரே கேள்வி ஒன்பது கடிதங்களில் வந்திருக்கிறது, ஊர்ப் பெயர்கள்தான் இடம் மாறியிருக்கின்றன.

கணக்குப் போடுவோம். சென்னை–கொடைக்கானல் 520 கி.மீ. சொச்சம், சாப்பாடு, டீ, பாத்ரூம் சேர்த்து 11 மணி நேரம். கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு மேப்பில் பக்கமாகத் தெரியும், ஆனால் பேரிஜம் தாண்டிப் போகும் பழைய பாதை காட்டுக்குள் மூடிக் கிடக்கிறது. கீழே இறங்கி, தேனி, போடிமெட்டு வழியே மறுபடி ஏற வேண்டும்: 165 கி.மீ., 5 மணி நேரம். மூணாறு–தேக்கடி 90 கி.மீ.தான், ஆனால் மூன்றரை மணி நேரம். தேக்கடியிலிருந்து வீடு 600 கி.மீ., 12 மணி நேரம். மொத்தம் 31 மணி நேரத்துக்கு மேல். ஊட்டியை இன்னும் சேர்க்கவே இல்லை. நாலு நாள் பகல் 48 மணி நேரம் என்று வைத்தால், மூன்றில் இரண்டு பங்கை வண்டி சீட்டில் கழிக்கப்போகிறீர்கள். மீதியில் குளிப்பது, மூட்டை கட்டுவது, ரூமைக் காலி பண்ணுவது. எட்டு வயதுக் குழந்தைக்கு இந்த டூரில் மிச்சம் நிற்பது முன் சீட்டின் முதுகுதான்.

மலைப்பாதையில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். சமவெளியில் மணிக்கு 60 என்றால் மலையில் 25, லீவு நாளில் 20. மேப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். மேப் காட்டுகிற வழியையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியைக் குறுக்கு என்று காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுள்ள அந்தச் செங்குத்து இறக்கத்தில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை.

நாலு நாளுக்கு ஒரே ஊர் போதும். கொடைக்கானல் என்றால் இரவு ரயிலில் கொடை ரோடோ திண்டுக்கல்லோ இறங்குங்கள், அங்கிருந்து மூன்று மணி நேரம். முதல் நாள் ஏரியோடு நிறுத்துங்கள். இரண்டாம் நாள் கோக்கர்ஸ் வாக்குக்குக் காலை 7.30க்கே போய்விடுங்கள், 10 மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் பஞ்சைத் திணித்ததுபோல் வெள்ளையாகத்தான் தெரியும். அப்படியே தூண் பாறை, பைன் காடு. மூன்றாம் நாள் பூம்பாறை, மன்னவனூர் பக்கம். மதியம் 3 மணிக்கு மேல் மலைப்பாதை வேண்டாம்.

கே: இந்த அக்டோபரில் மூணாறில் குறிஞ்சி பூக்குமா? (தஞ்சாவூர்)

பெரிய பூப்பு 2018இல். அடுத்தது 2030.

கே: வளைவு ஆரம்பித்தாலே பெண் குழந்தைக்கு வாந்தி. ஏற்காடு போகலாமா? (ஈரோடு)

தாராளமாகப் போகலாம், 20 வளைவுதான். காலி வயிற்றோடு கூட்டிப்போவதும் தப்பு, அடிவாரத்தில் பூரி, பொங்கல், பால் என்று கொடுப்பதும் தப்பு. கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, சட்னி இல்லாமல். குழந்தை சாலையை நேராகப் பார்க்கும்படி பின் சீட்டின் நடுவில், பெல்ட்டோடு. கையில் போன் இருக்கவே கூடாது. கண் அசையாத திரையைப் பார்க்கும், காது ஆட்டத்தை உணரும். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டலே. வண்டிக்குள் வாசனை டப்பா இருந்தால் கழற்றி டிக்கியில் போடுங்கள், ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் உங்கள் டாக்டரிடம் எடைக்கேற்ற அளவு கேட்டு, ஏறுவதற்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு கொடுப்பது வீண்.

கே: லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம். ஆட்டோமேடிக் கார். ஊட்டிக்கு நானே ஓட்டலாமா? (திருப்பூர்)

ஏறுவதில் சிரமம் இல்லை. இறங்குவதில்தான் ஆபத்து. ஏறிய கியரில் இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது, வளைவில் முதல். உங்கள் வண்டியின் கியர் லீவரில் ‘எல்’ அல்லது ‘எம்’ இருக்கும், குறைந்த கியரில் இறங்க அதைப் போடுங்கள். ‘டி’யிலேயே விட்டுப் பிரேக்கால் மட்டும் பிடித்துக்கொண்டு வந்தால் பத்தாவது வளைவில் ரப்பர் தீய்ந்த வாசனை வரும். அதற்கப்புறம் பிரேக் ஆயில் கொதித்து, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வாசனை வந்த உடனே அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஆசையை விடுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் உங்கள் முகத்திலேயே திரும்பி அடிக்கும், லோ பீம் போதும். மறுபடியும் சொல்கிறேன்: 3 மணிக்கு மேல் மலைப்பாதை வேண்டாம், புதியவர் நிச்சயமாக வேண்டாம்.

கே: குறைந்த செலவில் நல்ல இடம் சொல்லுங்கள். (ஊர் எழுதவில்லை)

உங்கள் வீட்டு மொட்டை மாடி.

கே: பன்னிரண்டு பேர். தெரிந்தவர் சொந்த போர்டு வேனைப் பாதி விலைக்குத் தருகிறார். (சேலம்)

வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். விபத்து நடந்து, வாடகைக்கு ஓடியது தெரிந்தால் இன்சூரன்ஸில் கைவிரித்துவிடுவார்கள், வழியில் பிடித்தால் குடும்பத்தோடு நடுரோட்டில் நிற்பீர்கள். மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து டாக்ஸி, கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து நாமே ஓட்டும் வாடகைக் கார். டெம்போ டிராவலர் பேசும்போது நாலைக் கேளுங்கள்: நாளுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு (250, 300 என்பார்கள்), கணக்கு ஷெட் டு ஷெட்டா, உங்கள் வாசலிலிருந்தா, டிரைவர் பேட்டா இரவுக்குத் தனியா, டோல், பெர்மிட், மலை சார்ஜ் யாருடையது. கிளம்பும்போது மீட்டரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். டிரைவர் இரவு எங்கே தூங்குவார் என்றும் கேட்டுவிடுங்கள். வண்டிக்குள்ளேயே கொசுக்கடியில் கிடந்தவர்தான் மறுநாள் உங்கள் பிள்ளைகளை மலையிறக்கப் போகிறார்.

கே: மைசூர் தசரா பார்க்க விஜயதசமிக்கே போகலாமா? (கோவை)

கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் வேண்டாம். ஊர்வலப் பாதையை அடைத்துவிடுவார்கள், ரூம் வாடகை இரண்டு மூன்று மடங்காகும். அரண்மனை விளக்குதான் ஆசை என்றால் நவராத்திரியின் முதல் நாலைந்து நாளில் ஒரு மாலை போதும். பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், திரும்பும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள்.

கே: புரட்டாசி சனிக்கிழமை திருப்பதி? (வேலூர்)

குழந்தைகளோடு வேண்டவே வேண்டாம். தை பிறந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள்.

கே: காட்டு ஓடையில் குளிக்கலாமா? ஒகேனக்கல் பரிசல்? (தர்மபுரி)

உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேலே மலையில் பெய்த மழை அரை மணி கழித்து வந்து சேரும். தெளிந்த தண்ணீர் டீ நிறமானாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ துண்டைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள். வனத்துறை தடுத்த இடத்தில் இறங்கவே கூடாது. ஒகேனக்கல்லில் காவிரி நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அன்று காலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். “கொஞ்சம் தள்ளி வாங்க, நான் விடுறேன்” என்று கூப்பிடுகிறவரிடம் போகாதீர்கள். உயிர்காப்பு ஜாக்கெட்டின் கொக்கி குழந்தையின் தாடை வரை ஏறினால் அது பெரிய அளவு, மாற்றிக் கேளுங்கள்.

கே: தேக்கடிப் படகில் மேல்தளமா, கீழ்த்தளமா? (மதுரை)

எந்தத் தளமானாலும் ஜாக்கெட்டைக் கழற்றாமல், இடத்தைவிட்டு எழாமல் உட்காருங்கள். 2009 செப்டம்பர் 30, இதே விடுமுறைக் காலம், அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். கரையில் யானை தெரிந்ததும் எல்லோரும் ஒரு பக்கம் ஓடும் பழக்கம் இன்றும் போகவில்லை.

கே: ரயில் காலை 6க்கே போய்ச் சேர்ந்துவிடும். ரூம் 12 மணிக்குத்தான் என்கிறார்கள். (திருநெல்வேலி)

புக் பண்ணும்போதே பேசுங்கள். அரை நாள் வாடகை கேட்டால் கொடுத்துவிடலாம், ஆறு மணி நேரம் பிள்ளைகளோடு வரவேற்பறை சோபாவில் கிடப்பதைவிட மலிவு. பேசியதை மெசேஜில் எழுதி வாங்குங்கள், காலை 6 மணிக்கு வேறு ஆள் டூட்டியில் இருப்பார். பெரியவர்கள் எல்லோருடைய ஆதார் நகலும் கையில் இருக்கட்டும்.

கே: லீவு முடியும் ஞாயிறு மாலை திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்புகிறோம். எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? (குரோம்பேட்டை)

மாலை கிளம்பாதீர்கள். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் பரனூர் டோலைத் தாண்டிவிடுங்கள். முடியாது என்றால் மாலை முழுக்க திருச்சியிலேயே இருந்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, நன்றாகத் தூங்கி எழுந்த டிரைவர் இருந்தால் மட்டும் கிளம்புங்கள். எந்த நேரமானாலும் செங்கல்பட்டுக்கு முன்னாலேயே குழந்தைகளைப் பாத்ரூம் கூட்டிப்போய்விடுங்கள். அதற்கப்புறம் பெருங்களத்தூர் வரை வண்டியை ஓரம் கட்ட இடம் கிடைக்காது.