பதிவுச் சான்று இருந்தால் போதுமா?

கேள்வி: 15 ஆண்டுப் பழைய, 32 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை விலை பேசியிருக்கிறேன். பதிவுச் சான்று விற்பவர் பெயரில்தான் இருக்கிறது. 10 சதவீதம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதே வேண்டாம். பதிவுச் சான்றில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பிரிட்டனின் சிறுபடகுப் பதிவேடு போன்றவை உரிமைக்கு ஆதாரமே அல்ல. கட்டிய நிறுவனம் முதல் இவர் வரை கைமாறிய விற்பனைப் பத்திரங்களைக் கேளுங்கள். இடையில் ஒன்று விடுபட்டிருந்தால், அதற்கு என்ன விளக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். கூட்டு உரிமை என்றால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

படகின் பின்பலகையில் வலப்பக்கம், மேல்விளிம்பை ஒட்டி அடையாள எண் பொறித்திருக்கும். எழுத்தும் இலக்கமும் சேர்த்து அமெரிக்கப் படகென்றால் 12, ஐரோப்பியப் படகென்றால் 14. கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டு. பத்திரத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி மட்டும் புது பெயின்ட் பளபளத்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்தது வில்லங்கம். அடமானம் பதிவேட்டில் தெரியலாம். கடல்சார் பற்றுரிமை, அதாவது பாக்கிக்காகப் படகின் மீதே ஒட்டிக்கொள்ளும் உரிமை, தெரியாது. மாலுமிகளின் சம்பள பாக்கி, மீட்புக் கூலி, மோதல் இழப்பீடு ஆகியவை ஆளை விட்டுவிட்டுப் படகைப் பிடித்துக்கொள்ளும். விவரம் தெரியாமல் வாங்கியவரிடமும் வந்து நிற்கும். ஆகவே, "எவ்விதக் கடனும் பற்றுரிமையும் இல்லை, பின்னால் எழுந்தால் விற்பவரே ஈடுசெய்வார்" என்ற வாசகம் பத்திரத்தில் இருக்கட்டும். பழுதுபார்க்கும் யார்டிலும் மரினாவிலும் (படகு நிறுத்தும் துறை) 'பாக்கி இல்லை' கடிதம் வாங்குங்கள். கூலி பாக்கியிருந்தால் படகை விடமாட்டேன் என்று யார்டு பிடித்து வைக்கலாம்.

முன்பணம் 'சர்வேக்கு (நிபுணர் படகைப் பரிசோதிப்பது) உட்பட்டு' என்ற நிபந்தனையோடு, மூன்றாம் நபரின் கணக்கில் இருக்க வேண்டும். எத்தனை நாளுக்குள் சர்வே, எவ்வளவு செலவுக்கு மேல் குறை தெரிந்தால் பணம் முழுதாகத் திரும்பும் என்பதை எண்ணாகவே எழுதுங்கள். 'பெரிய குறை' என்று மொட்டையாக எழுதினால் வழக்கு நிச்சயம். சர்வேயரை நீங்களே நியமியுங்கள். விற்பவருக்காக எழுதிய பழைய அறிக்கையில் தவறிருந்தால், அதை வைத்து நீங்கள் இழப்பீடு கேட்பது கடினம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, கீல் (படகின் அடியில் நீளும் கனமான பகுதி) இணைப்பையும் படகுடலின் ஈரப்பதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாகச் சர்வேயர் பாய்மரத்தில் ஏறமாட்டார். அதற்குத் தனி ஆள் தேவை. பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். 10 ஆண்டு தாண்டிய வடங்களுக்குப் பல காப்பீட்டாளர்கள் தயங்குவார்கள்.

தனிநபர் விற்பனையில் 'உள்ளது உள்ளபடி' என்று கையெழுத்திட்டுவிட்டால் வாய்வாக்குறுதியை நம்பி வழக்காடுவது கடினம். பாய்கள், உயிர்காப்புத் தெப்பம், சிறு ரப்பர் படகு எல்லாம் பட்டியலாக ஒப்பந்தத்தோடு இணையட்டும். மீதிப் பணத்தை விற்பனைப் பத்திரம் கைக்கு வரும் அதே நேரத்தில் கொடுங்கள். அதற்கு முன் அல்ல.