அப்டேட்டை ஆஃப் பண்ணிடலாமா?

கேள்வி: பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் போடற கடை வச்சிருக்கேன் சார், நாலு சிஸ்டம் ஓடுது. சாதி சான்றிதழுக்கு அப்ளை பண்ணிட்டு ஓடிபி-க்கு ஆளு காத்துட்டு நிக்கறப்பவே சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆகிடுது, அடிச்சதெல்லாம் போச்சு. நாலும் தனித்தனியா டவுன்லோடு பண்றதுல நெட்டும் படுத்துக்குது. அப்டேட்டையே ஆஃப் பண்ணிடலாமா?

பதில்: வேணாங்க, தயவுசெஞ்சு பண்ணிடாதீங்க. உங்க கோவம் நியாயம்தான், ஆனா ஊர் சனத்தோட ஆதார், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அந்த சிஸ்டத்துலதான கெடக்கு. 2017 மே 12-ல வான்னாக்ரைங்கற வைரஸ் வந்து பிரிட்டன்ல ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரையெல்லாம் முடக்குச்சே, அது உள்ள நுழைஞ்ச ஓட்டைய அடைக்கற பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லயே விட்டுட்டாங்க, போடாம விட்டவங்கதான் மாட்டினாங்க.

விண்டோஸ் 11-ன்னா அப்டேட் செட்டிங்ஸ்ல ஆக்டிவ் ஹவர்ஸ்னு இருக்கும், கடை தொறக்கறதுல இருந்து சாத்தற வரைக்கும் நேரத்த நீங்களே போட்டுடுங்க, 18 மணி நேரம் வரை குடுக்கலாம். அங்கயே டெலிவரி ஆப்டிமைசேஷன்ல லோக்கல் நெட்வொர்க்க மட்டும் ஆன் பண்ணுங்க, ஒரு சிஸ்டம் எறக்கினத மத்தது அதுகிட்டயே வாங்கிக்கும், நெட் மிச்சம். மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவுல அப்டேட்டை விடறாங்க, நமக்கு அப்ப ராத்திரி, அதனால மறுநாள் புதன்கிழமை கடை சாத்தறப்ப 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' குடுத்துட்டு கெளம்புங்க.

இதையெல்லாம் நீங்க தேடித் தேடி செட் பண்ண வேண்டியிருக்கறதுதான் எனக்கு வருத்தம். ரீஸ்டார்ட் இல்லாமலே பேட்ச் போடற ஹாட்பேட்ச் 2025-ல விண்டோஸ் 11-க்கு வந்துடுச்சு, மூணு மாசத்துக்கு ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணினா போதும், ஆனா பெரிய கம்பெனிங்க வாங்கற என்டர்பிரைஸ் மாதிரி எடிஷனுக்குத்தான். ஐடி ஆளே இல்லாத பாலக்கோடு கடைக்குத்தான அது மொதல்ல வேணும்? ஆண்ட்ராய்டுல பாருங்க, 2016-லயே சிஸ்டத்துக்கு ரெண்டு எடம் ஒதுக்கி, நீங்க ஒண்ணுல வேலை பாத்துட்டு இருக்கறப்பவே இன்னொண்ணுல புதுச அமைதியா போட்டு வைக்கற முறை வந்துடுச்சு, புதுசு கெளம்பலன்னா பழசுக்கே திரும்பிடும். அந்த மாதிரி பண்ணினா யாரு ஆஃப் பண்ணப்போறா?

கேள்வி: காவேரிப்பட்டணத்துல மாங்கா மண்டி எங்களுது. அப்பாவோட ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு ரொம்ப நாளா செக்யூரிட்டி அப்டேட்டே வரல, பேமெண்ட் எல்லாம் அதுலதான். என்ன பண்ணலாம்?

பதில்: கூகுள் சரி பண்ணி குடுத்தாலும், சிப் கம்பெனி, ஃபோன் கம்பெனி ரெண்டு பேரையும் தாண்டித்தான் உங்க கைக்கு வரணும், அங்கதான் தேங்குது. ஆண்ட்ராய்டு 10-ல இருந்து சில பாகத்துக்கு மட்டும் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்னு நேரா வருது, செட்டிங்ஸ்ல தேடிப் பாத்து போட்டுடுங்க. கெர்னல்ல, அதாவது ஆண்ட்ராய்டோட அடித்தளத்துல, சிப்புல இருக்கற ஓட்டை அதுல அடையாது. ஐரோப்பாவுல 2025 ஜூன்ல இருந்து, ஒரு மாடல் விக்கறத நிறுத்தின பிறகும் 5 வருஷம் அப்டேட் குடுக்கணும்னு விதி, நமக்கும் அப்படி ஒண்ணு கட்டாயம் வேணும். அதுவரைக்கும் சீசன் பணம் பொரளற பேங்க் ஆப்பை அப்பா ஃபோன்ல வைக்காம, மாசாமாசம் அப்டேட் வர்ற ஃபோனுக்கு மாத்திடுங்க தம்பி.