பட்டனுக்கும் மசியாத, பிளக்குக்கும் மசியாத ஐ2சி

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: மரக்கறித் தோட்டத்துக்கு நேரம் பார்த்து மோட்டர் போட, எஸ்டிஎம்32எஃப்103 கொன்ட்ரோலர் போர்டும் டிஎஸ்3231 கடிகார மொடியூலும் வைத்திருக்கிறாராம், மோட்டர் ஸ்டார்ட் ஆகும்போது சில நேரம் ஐ2சி (இரண்டு சிப்பும் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பு) இறுகிவிடுகிறது, ரீசெட் பட்டனை அழுத்தினாலும் கரண்டைப் பிடுங்கினாலும் சரிவரவில்லை, போர்ட் போய்விட்டதா?

அநேகமாகப் போகவில்லை தம்பி. கடைக்குக் கொண்டுபோனால் 'இது டூப்ளிகேட் சிப், ஒரிஜினல் போடுங்க' என்று இன்னொன்றைத் தலையில் கட்டுவார்கள். அதற்குமுன், இறுகி நிற்கும்போதே மீட்டரை எடுத்து எஸ்டிஏ கம்பியில் (டேட்டா போகும் கம்பி), ஐ2சி1 என்றால் பிபி7 காலில், வோல்ட் பாருங்கள். 3.3 இல்லாமல் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நின்றால் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பது அநேகமாகக் கடிகாரச் சிப்தான். பட்டன் கொன்ட்ரோலரை மட்டும்தான் ரீசெட் செய்யும்; பாதி பைட்டில் விட்டுப்போன கடிகாரம் மீதி பிட்டைக் கொடுக்கக் காத்துக்கொண்டே நிற்கும்.

கொன்ட்ரோலரின் ஐ2சி பகுதியை அமைக்கும் சிஆர்1 ரெஜிஸ்டரில் 15ஆம் பிட், எஸ்டபிள்யூஆர்எஸ்டி, அதுதான் சொஃப்ட்வெயார் ரீசெட். அதுவும் உள்ளே இருக்கும் ஐ2சி பகுதியைத்தான் துடைக்கும், வெளியே நிற்கும் சிப்பை ஒன்றும் செய்யாது.

சாதாரண சென்சர் என்றால் கரண்டை நிறுத்தினால் விட்டுவிடும். டிஎஸ்3231 அப்படியில்லை, அதற்கு நாணயப் பட்டரி இருக்கிறது, அந்தப் பட்டரியிலேயே அதன் ஐ2சியும் உயிரோடு இருக்கும், அதனால் நீங்கள் பிளக்கை எத்தனை தரம் பிடுங்கினாலும் அதற்குக் கரண்ட் போனதாகவே கணக்கில்லை. பட்டரியையும் கழற்றினால் விடும், ஆனால் நேரமும் போய்விடும். இதையெல்லாம் டேட்டாஷீட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்ஈடி மினுக்கக் காட்டிச் சர்டிபிகேட் கொடுக்கிற கோர்ஸ்களில் டேட்டாஷீட்டை யார் திறக்கிறார்கள்!

'வாட்ச்டாக் போட்டுத் தாறம்' என்று காசு கேட்பவர்களிடமும் கவனம். புரோகிராம் இறுகினால் தானாக ரீசெட் போடும் டைமர்தான் வாட்ச்டாக்; அதுவும் கொன்ட்ரோலரைத்தான் ரீசெட் செய்யும், எழும்பி வந்து அதே இடத்தில் திரும்ப இறுகும், இரவு முழுக்க இதே கூத்துத்தான்.

செய்ய வேண்டியது இதுதான். புரோகிராம் தொடங்கும்போது பிபி6 (எஸ்சிஎல், பல்ஸ் போகும் கம்பி), பிபி7 (எஸ்டிஏ) இரண்டையும் ஓபன் டிரெயின் (கீழே இழுக்க மட்டும் செய்யும்) அவுட்புட் ஆக்கி, எஸ்டிஏயை மேலே விட்டுவிட்டு, எஸ்டிஏ தானாக 3.3க்கு ஏறும்வரை எஸ்சிஎல்லில் பல்ஸ் கொடுங்கள், 9 போதும். ஏறியதும் ஒரு ஸ்டார்ட் (எஸ்சிஎல் மேலே இருக்க எஸ்டிஏயைக் கீழே இழுப்பது), ஒரு ஸ்டொப் (எஸ்சிஎல் மேலே இருக்க எஸ்டிஏயை மேலே விடுவது). அப்புறம் கால்களை ஐ2சிக்குத் திருப்பிக் கொடுத்து, எஸ்டபிள்யூஆர்எஸ்டியை 1 ஆக்கி 0 ஆக்கி, வேக அமைப்புகளை முதலிலிருந்து எழுதுங்கள். கம்பி இன்னும் கீழே இருக்கும்போது 0 ஆக்கவேண்டாம். ஓடும்போது டைம்அவுட் வந்தாலும் இதே வேலைதான்.

மோட்டர் வயரும் ஐ2சி வயரும் ஒரே பைப்பில் போகிறதென்றால் அதையும் பிரித்துவிடுங்கள்.