ரெட்ரீவர் தேர்வுக்கு ஆள் சேர்க்கிறீர்களா? டம்மி வீசுபவரை முதலில் தேடுங்கள்

கேள்வி: மதுரையில் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வளர்க்கும் சிலர் சேர்ந்து, வெளிநாடுகளில் நடக்கும் ரெட்ரீவர் வேட்டைத் தேர்வு போல ஒன்றைச் சின்ன அளவில் நடத்த நினைக்கிறோம். நாய் வளர்க்காத நண்பர்களும் உதவிக்கு வருகிறார்கள். யாருக்கு என்ன வேலை கொடுப்பது?

நல்ல காரியம், தாராளமாக நடத்துங்கள். இந்த மாதிரி வேலையில் இறங்கினால் எல்லோரும் முதலில் நடுவரைத்தான் தேடுவார்கள். நான் டம்மி வீசுபவரைத் தேடச் சொல்வேன். டம்மி என்றால், நாய் எடுத்து வருவதற்காக வேட்டைப் பறவைக்குப் பதிலாக வீசும் துணிப் பொம்மை. அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் வார இறுதிகளில் இந்தத் தேர்வுகளுக்கு உதவி செய்யப் போவேன். ஊர் திரும்பிய பிறகு நாகமலைப் பக்கம் நண்பர்களோடு துணி டம்மி வைத்து நடத்தி வருகிறோம். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, தேர்வு நியாயமாக நடந்ததா என்பது வயலில் மறைந்து நின்று வீசியவர் கையில்தான் இருந்தது.

காரணம் இதுதான். இது முதல் பரிசு, இரண்டாம் பரிசு கொடுக்கும் போட்டி இல்லை. அமெரிக்கன் கென்னல் கிளப் 1985ல் தொடங்கிய முறைப்படி, ஒவ்வொரு நாயும் ஒரு தரத்தை எட்டுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். வந்த நாய் எல்லாமே தேறலாம், ஒன்றுகூடத் தேறாமலும் போகலாம். இரண்டு நடுவர்கள் தனித்தனியாகப் பூஜ்யத்திலிருந்து 10 வரை மதிப்பெண் போடுவார்கள். விழுந்த இடத்தை நாய் கண்ணால் குறித்து வைத்திருக்கிறதா, ஆசையோடு ஓடுகிறதா, கிடைக்கிற வரை விடாமல் தேடுகிறதா, சொல்பேச்சுக் கேட்கிறதா என்று நான்கு விஷயங்கள். எதிலும் சராசரி 5க்குக் கீழே போகக்கூடாது, மொத்தச் சராசரி 7க்குக் குறையக்கூடாது.

ஜூனியர் என்ற தொடக்க நிலையில் நிலத்தில் இரண்டு, தண்ணீரில் இரண்டு என்று, ஒரு நேரத்தில் ஒன்றாக வீசுவதை நாய் எடுத்து வந்து கையில் கொடுக்க வேண்டும். தூரம் சுமார் 100 கஜத்துக்குள். ஐந்தாவது நாய்க்கு டம்மி வெட்டவெளியில் விழுந்து, ஆறாவது நாய்க்கு வரப்புக்குப் பின்னால் விழுந்தால் இரண்டும் ஒரே தேர்வு எழுதவில்லை. எவ்வளவு பெரிய நடுவரைக் கூட்டி வந்தாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

அதனால் வீசும் இடம் ஒவ்வொன்றிலும் இரண்டு பேரை நிறுத்துங்கள். ஒருவர் வீசட்டும். இன்னொருவர் நடுவர் கை காட்டுவதைப் பார்த்துச் சொல்வது, டம்மி கணக்கு, பின்னால் ஆடு மாடு வருகிறதா என்ற கவனம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும். இருவரும் மங்கலான நிறச் சட்டை போட்டு, தட்டிக்கோ புதருக்கோ பின்னால் நிற்க வேண்டும். சைகை வந்ததும் முதலில் குரல் கொடுத்து நாயை அந்தப் பக்கம் பார்க்க வைத்து, அதற்குப் பிறகுதான் வீச வேண்டும். அமெரிக்காவில் வெற்றுத் தோட்டா வெடிப்பார்கள். இங்கே துப்பாக்கியும் வேண்டாம், பட்டாசும் வேண்டாம். நம் ஊர் லாப்ரடார்களில் பல தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்பவை. "ஏய், ஏய், ஏய்" என்று உரக்கக் கத்தினால் போதும்.

டம்மி நல்ல உயரத்தில், வானம் பின்னணியாகத் தெரியும்படி போய், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழ வேண்டும். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை வீசிப் பழகிய பையன்கள் இதற்கு நன்றாக வருவார்கள், நாய் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முந்தைய நாளே அதே இடத்தில் வீசிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒரு சுற்று முடியும் வரை வீசும் ஆளை மாற்றாதீர்கள், ஆள் மாறினால் கை மாறும். வீச்சு தப்பிவிட்டால் வீசியவர் கூச்சப்படாமல் உடனே சொல்ல வேண்டும். நடுவர் "நோ பேர்ட்" (இந்த வீச்சு கணக்கில் இல்லை) என்று அறிவித்து அந்த நாயைத் திருப்பி அனுப்பி, கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாகக் கூப்பிடுவார். அதில் நாய்க்கு ஒரு நஷ்டமும் இல்லை. மறைத்துவிட்டால்தான் நஷ்டம்.

அடுத்து முக்கியமானவர் மார்ஷல். அலங்காநல்லூரில் வாடிவாசலுக்குப் பின்னால் டோக்கன் வரிசைப்படி காளைகளை நகர்த்துகிறார்களே, அந்த வேலைதான். ஒரு நாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தட்டி மறைப்புக்குள் தயாராக நிற்க வேண்டும். அதற்கு அடுத்தது வண்டியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். காத்திருக்கும் நாய், முன்னால் ஓடும் நாயின் டம்மி எங்கே விழுகிறது என்று பார்த்துவிடக்கூடாது. மறைப்பு வைப்பதே அதற்காகத்தான். குரல் உயர்த்தாமல் கறாராகப் பேசத் தெரிந்த ஒருவரை இதில் போடுங்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி நடத்திய அனுபவம் இருந்தால் இன்னும் நல்லது. "என் நாய்க்கு இப்போது மூடு இல்லை, கடைசியில் விடுகிறேன்" என்று வருபவர்களைச் சமாளிக்க அந்தப் பழக்கம் வேண்டும்.

டம்மிகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும். ஒரே அளவு, ஒரே நிறம், ஈரமானதைக் காய வைப்பது, அவ்வளவுதான். அப்புறம், தேர்வில் கலந்துகொள்ளாத ஒரு நாயை முதலில் ஓட விட்டுப் பாருங்கள். காகிதத்தில் சுலபமாகத் தெரிந்தது களத்தில் எப்படி இருக்கிறது என்று அந்த நாய் காட்டிக் கொடுத்துவிடும். நடுவர்கள் இடத்தை மாற்றுவதென்றால் அப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

இனி நம் மண்ணுக்கே உரிய வேலை ஒன்று. அமெரிக்கப் பட்டியல் எதிலும் இதை நான் பார்த்ததில்லை. இடம் சுத்தம் பார்க்கும் குழு. மதுரையைச் சுற்றி வற்றிய கண்மாய் எல்லாவற்றிலும் சீமைக் கருவேல் இருக்கிறது. வெட்டிப் போட்ட இடத்தில் முள் இன்னும் மோசம், காய்ந்து மண்ணுக்குள் கிடக்கும். நாய் ஓடும் பாதையையும் டம்மி விழும் இடத்தையும் நாலைந்து பேர் வரிசையாக நடந்து பார்த்து முள்ளும் கண்ணாடிச் சில்லும் பொறுக்க வேண்டும். என்னைக் கேட்டால் கண்மாயை விட, தை அறுவடை முடிந்த நெல் வயல் நல்லது. சோழவந்தான், மேலூர்ப் பக்கம் பாசன நிலம் வைத்திருக்கும் தெரிந்தவர் யாராவது இருப்பார். அவரிடமும் பக்கத்து வயல்காரரிடமும் கேட்டுக்கொண்டு நடத்துங்கள்.

தண்ணீர்த் தேர்வு என்றால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். கண்மாயில் மீன் பாசி குத்தகை எடுத்தவரிடம் பேசாமல் நாயை இறக்காதீர்கள். தண்ணீருக்கு அடியில் வலை கட்டியிருந்தால் நீந்தும் நாய் சிக்கி மூழ்கிவிடும். மண் அள்ளிய குழிகளும் மேலே தெரியாது. நீச்சல் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் முதலில் இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும், நாய்கள் நீந்தும் நேரம் முழுக்க அவர் கரையிலேயே நிற்க வேண்டும்.

ஊராரிடம் பேசவும் ஒருவர் வேண்டும். "வேட்டைத் தேர்வு" என்று நோட்டீஸ் அடித்தால் முயல் வேட்டை என்றுதான் நினைப்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். இதில் பறவையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, துணிப் பொம்மைதான் என்று முன்கூட்டியே ஊர்ப் பெரியவர்களுக்கும் வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள். நம் பக்கம் மயில் இல்லாத வயல் கிடையாது. கிடை வாத்து மேய்ப்பவர்களும் அறுவடை வயலுக்கு வருவார்கள். உண்மையான வாத்துக் கூட்டத்தைப் பார்த்த ரெட்ரீவர் டம்மியை மறந்துவிடும். வீசும் இடத்தில் இரண்டாவது ஆளாக நிற்பவர் மயிலையோ வாத்தையோ கண்டால் கை தூக்கித் தேர்வை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

வெயிலைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். மார்கழி, தை மாதங்களை விட்டால் வேறு மாதம் யோசிக்காதீர்கள். விடிந்ததும் தொடங்கி ஒன்பதரை மணிக்குள் நிலத் தேர்வை முடித்துவிடுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. லாப்ரடார் சுருண்டு விழும் வரை டம்மிக்கு ஓடும், தானாக நிற்காது. ஆகவே நாயை ஓட விடும் கோட்டுக்குப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி, வெப்பமானி, கால்நடை மருத்துவர் மூன்றும் இருக்கட்டும். நாய் தள்ளாடினால் அங்கேயே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்த பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். வெறிநாய்க்கடி, எலிக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாத நாயைப் பதிவு செய்யும்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள். பாம்புக்கடிக்கு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று முந்தைய நாள் போன் போட்டுக் கேட்டு வைப்பதும் பதிவு பார்க்கும் செயலாளரின் வேலை. வரிசை அட்டவணை, மதிப்பெண் தாள், கட்டணம், சான்றிதழ் எல்லாம் அவரோடுதான். கணக்கு எழுதும் பழக்கமுள்ள யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

சாப்பாட்டுப் பொறுப்பைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். டம்மி வீசுபவர்கள் நாலு மணி நேரம் இடத்தை விட்டு நகர முடியாது. சூடான பருத்திப்பாலும் இட்லிப் பொட்டலமும் அவர்கள் நிற்கும் இடத்துக்கே போக வேண்டும், அதுவும் நாய் சொந்தக்காரர்கள் சாப்பிடுவதற்கு முன்னால். அப்படிக் கவனித்தால்தான் அடுத்த வருடமும் அந்தப் பையன்கள் வருவார்கள்.

நடுவர்களுக்கு வருகிறேன். நாய்ப் பயிற்சியில் அனுபவமுள்ள, அன்று சொந்த நாய் ஓடாத இரண்டு பேர் போதும். இருவரும் பேசி வைத்துக்கொள்ளாமல் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, முடிந்ததும் ஒவ்வொரு சொந்தக்காரரிடமும் தாளைக் காட்டி விளக்கினால், தேறாதவர்கூட என்ன பழக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவார். முதல் தடவை பத்து நாய்க்கு மேல் பதிவு செய்யாதீர்கள், நிலத் தேர்வு மட்டும் வையுங்கள். அதை ஒழுங்காக நடத்திவிட்டால் தண்ணீர்த் தேர்வை அடுத்த தையில் சேர்த்துக்கொள்ளலாம். வீசுவதற்கு ஆள் குறைந்தால் இங்கேயே எழுதுங்கள், நானும் எங்கள் நண்பர்களும் வருகிறோம்.