சியாட்டிலின் செப்டம்பர்

அன்புள்ள ஐயா,

பேஸ்பால் பற்றி நீங்கள் எப்போதாவது எழுதும் ஓரிரு வரிகளை நம்பி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சொந்த ஊர் மதுரை. சியாட்டிலுக்குப் பக்கத்தில் பெல்வியூவில் குடும்பத்துடன் இருக்கிறேன். இங்கே வந்த புதிதில் அலுவலக நண்பர்கள் இழுத்துப்போய் மரினர்ஸ் அணியின் ஆட்டத்தைக் காட்டினார்கள். இன்றுவரை விட முடியவில்லை.

இந்த ஆண்டு ஜூன் 18 அன்று எங்கள் அணி பிரிவில் பத்து ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் அது மொத்தமாகக் கரைந்துவிட்டது. ஆகஸ்டில் மேனேஜர் ஸ்காட் செர்வைஸை நீக்கிவிட்டு டான் வில்சனைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பிட்சர்கள் அற்புதமாக வீசுகிறார்கள், மட்டையாளர்களோ ஸ்ட்ரைக்-அவுட் ஆவதற்கென்றே பிறந்தவர்கள். இப்போது, பிரிவில் முதலிடம் பெறாத அணிகளுக்கென்று இருக்கும் வைல்டு கார்டு இடத்துக்குச் சில ஆட்டங்கள் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வாரம் யாங்கீஸுக்கு எதிராக முதல் இன்னிங்ஸ். மூன்று பேஸிலும் ஆள், இரண்டு பேர் அவுட், மட்டையாளர் ஜஸ்டின் டர்னருக்கு மூன்று பந்தும் தவறாகவே வந்திருந்தன. இன்னொன்று அப்படி வந்தால் சும்மாவே ஒரு ரன். அந்த நேரத்தில் மூன்றாவது பேஸில் நின்ற விக்டர் ரோப்ளெஸ் ஹோம் பிளேட்டைத் திருட, அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே ஓடி ரன் எடுக்கப் பார்த்து, அவுட் ஆனார். நான் ரிமோட்டை வீசினேன். மறுநாள் மட்டையாளரின் கையிலிருந்து நழுவிய மட்டை பறந்து வர, மூன்றாவது பேஸிலிருந்த ஹூலியோ ரோட்ரிகெஸ் ஒதுங்கினார். பேஸைவிட்டு விலகியதால் அவரும் அவுட்!

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். விற்றுவிடச் சொல்கிறாள் மனைவி. எப்போதும் கடைசியில் கிடக்கும் அணியாக இருந்தால் இவ்வளவு வலிக்காது என்று தோன்றுகிறது. மேனேஜரை முன்பே நீக்கியிருந்தால் தப்பியிருப்போமா? இந்த நிலையிலும் நம்பிக்கொண்டிருப்பது மடத்தனமா? இன்னொன்று, ‘பால்க்’ என்றால் என்ன என்று என் மகள் கேட்கிறாள். என்னால் விளக்க முடியவில்லை.

ஆர்., பெல்வியூ
20.9.2024

*

அன்புள்ள ஆர்.,

ரிமோட் பிழைத்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கோபத்தின் வேர் அந்தப் பத்து ஆட்ட முன்னிலையில்தான் இருக்கிறது. ரோப்ளெஸ் பிறகு வந்து மாட்டிக்கொண்டவர். உங்கள் பிரிவிலேயே இருக்கும் ஹூஸ்டன் அணி இந்த ஆண்டை எப்படித் தொடங்கியது என்று நினைத்துப் பாருங்கள். முதல் 26 ஆட்டங்களில் 7 வெற்றி, 19 தோல்வி. 2017 முதல் 2023 வரை ஓர் ஆண்டுகூடத் தவறாமல் அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றுவரை வந்த அணி அது. அப்படிப்பட்ட அணி செப்டம்பர் வரை படுத்தே கிடக்கும் என்று யார் உங்களுக்கு வாக்குக் கொடுத்தது? அந்த முன்னிலையில் பெரும்பங்கு ஹூஸ்டனின் காய்ச்சல், உங்கள் ஆரோக்கியம் கொஞ்சம்தான். செர்வைஸை அனுப்பிய அன்று சியாட்டிலின் கணக்கு 64 வெற்றி, 64 தோல்வி. இந்த அணியின் உண்மையான உயரம் அதுதான். ஜூன் மாதப் பட்டியல் உங்களிடம் சொன்னது இனிப்பான பொய்.

ஆகவே மேனேஜரை முன்பே நீக்கியிருந்தால் என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. மட்டை பிடிப்பவர் மேனேஜர் அல்ல. கில்பெர்ட், கிர்பி, காஸ்டியோ, மில்லர், வூ என்று ஐந்து பேர் வரிசையாக வீசும்போது மூன்று, நான்கு ரன் எடுத்தாலே போதும். அதை எடுக்கத் தெரிந்த ஆட்களைக் குளிர்காலத்தில் வாங்கியிருக்க வேண்டும். கடல் காற்றடிக்கும் உங்கள் மைதானம் மட்டையாளர்களுக்கு ஒத்துழைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அணி நிர்வாகத்துக்கும் தெரியும். 2016 முதல் அந்த நாற்காலியில் இருந்த செர்வைஸின் காலத்தில்தான், 2022 செப்டம்பர் 30 அன்று, ஒன்பதாவது இன்னிங்ஸில் கால் ராலி அடித்த ஹோம் ரன்னால், பிளே-ஆஃப் சுற்றையே எட்டாத உங்கள் 21 ஆண்டு வறட்சி தீர்ந்தது. அன்று அவரைத் தோளில் தூக்காத குறை. சென்ற ஆண்டு ஒரே ஒரு ஆட்டத்தில் பிளே-ஆஃப் தவறியபோது அவரைத் திட்டித் தீர்த்தீர்கள்.

இனி ரோப்ளெஸ். நான் சில ஆண்டுகள் பிலடெல்பியாவில் வேலை பார்த்தேன். அந்த ஊரில் சிறுவர்களாக 1964ஐக் கடந்தவர்கள் இன்று ஓய்வூதியம் வாங்குகிறார்கள், ஆனாலும் அந்த ஆண்டின் கடைசி இரண்டு வாரங்களை ஆட்டம் ஆட்டமாக ஒப்பிப்பார்கள். அப்போது லீக்கில் பிரிவுகள் கிடையாது, வைல்டு கார்டு கிடையாது. பத்து அணிகளில் முதலிடம் பிடிப்பதுதான் பென்னன்ட். அதை வென்றால் நேராக வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடர், இரண்டாமிடம் என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பன்னிரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கையில் அந்த ஊர் அணியான பில்லீஸ் ஆறரை ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. வேர்ல்டு சீரிஸ் டிக்கெட்டே அச்சடித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 21 அன்று சின்சினாட்டி ரெட்ஸ் பிலடெல்பியாவுக்கு வந்தது. ஆறாவது இன்னிங்ஸ், ரன் எதுவும் இல்லாத ஆட்டம். மூன்றாவது பேஸில் சிக்கோ ரூயிஸ் என்ற புதுமுக வீரர். மட்டை பிடித்து நின்றவர் ஃபிராங்க் ராபின்சன், அந்தக் காலத்தின் மிகப் பெரிய அடிகாரர்களில் ஒருவர். அவர் அடிக்கக் காத்திருக்கும்போது ஹோம் பிளேட்டைத் திருட ஓடுவது பேஸ்பால் அறிந்த எவரும் செய்யத் துணியாத காரியம். ரூயிஸ் ஓடினார். பிட்சர் பதறிப்போய்ப் பந்தைத் தவறாக வீசினார். ரூயிஸ் தப்பினார், ரெட்ஸ் 1–0 என்று வென்றது. பில்லீஸ் அதிலிருந்து வரிசையாகப் பத்து ஆட்டங்களில் தோற்றது. கடைசி இரண்டை வென்றும் பயனில்லை. ஓர் ஆட்ட வித்தியாசத்தில் பட்டம் செயின்ட் லூயிஸுக்குப் போனது.

ரூயிஸ் செய்ததற்கும் ரோப்ளெஸ் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை எனக்குச் சொல்லுங்கள். பொறுமையாக நின்றிருந்தால் ரன் வந்திருக்கக்கூடிய நேரத்தில் இருவரும் ஓடினார்கள். ஒருவர் சேஃப், ஒருவர் அவுட். ஆட்டக் கணக்கில் ரூயிஸ் செய்தது ரோப்ளெஸ் செய்ததைவிடப் புத்திசாலித்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. ரோப்ளெஸின் கால் முன்னதாகப் பட்டிருந்தால் உங்கள் ரிமோட் இந்நேரம் பூஜை அறையில் இருந்திருக்கும். அவர் செய்தது தப்பு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தப்பை உங்களுக்கு இவ்வளவு பெரிதாகக் காட்டுவது மாதம்தான். மே மாதத்தில் நடந்திருந்தால் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பீர்கள். மே மாதத் தோல்வியும் செப்டம்பர் தோல்வியும் பட்டியலில் ஒரே எடைதான். 162 ஆட்டங்களில் 116ஐ வென்ற உங்கள் 2001 அணியே 46 முறை தோற்றிருக்கிறது. அந்த அணியும் பென்னன்ட் வெல்லவில்லை, யாங்கீஸிடம் தோற்று வெளியேறியது. வேர்ல்டு சீரிஸில் ஒருமுறைகூட ஆடாத அணி இன்றைக்கு மரினர்ஸ் மட்டுமே என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிலடெல்பியாக்காரர்கள் ரூயிஸைக்கூட மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் மன்னிக்காதது சொந்த மேனேஜர் ஜீன் மாக்கைத்தான். தோல்விகள் தொடங்கியதும் ஜிம் பன்னிங், கிறிஸ் ஷார்ட் என்ற தன் சிறந்த இரு பிட்சர்களை இரண்டே நாள் ஓய்வில் திரும்பத் திரும்ப இறக்கினார். ‘எதையாவது செய்’ என்று ரசிகர்கள் கத்துகிறோமே, அவர் செய்தார். களைத்த கைகளால் வீசித் தோற்றார்கள். வில்சன் இந்தக் கடைசி வாரத்தில் கிர்பியையும் கில்பெர்ட்டையும் அப்படிக் கசக்கிப் பிழிந்தால் அப்போது எழுதுங்கள். உங்களோடு சேர்ந்து நானும் திட்டுகிறேன்.

மேற்குக் கரை ரசிகருக்கென்று தனியாக ஒரு தண்டனை உண்டு. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாததுதான் எனக்கு வியப்பு. டெட்ராய்டிலும் மினசோட்டாவிலும் ஆட்டம் முடியும்போது உங்கள் ஊரில் இன்னும் வெளிச்சம் இருக்கும். மாலை 6.40க்கு உங்கள் பிட்சர் முதல் பந்தை வீசும்போதே போட்டி அணிகளின் முடிவு பெரும்பாலும் உங்கள் கைபேசியில் இருக்கும். அவர்கள் வென்றிருந்தால், தோற்கக் கூடாத ஆட்டம். அவர்கள் தோற்றிருந்தால், கட்டாயம் வெல்ல வேண்டிய ஆட்டம். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தும் வயிறு கேட்பதில்லை. கிழக்கில் இருக்கும் ரசிகர் நள்ளிரவுவரை உங்களுக்காகக் கண்விழிப்பார் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

நம்பிக்கை மடத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேறெந்த ஊர்க்காரர் கேட்டிருந்தாலும் ‘ஆமாம்’ என்று எழுதிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். சியாட்டில்காரர் கேட்கக் கூடாது.

1995 ஆகஸ்ட் தொடக்கத்தில் மரினர்ஸ் 13 ஆட்டங்கள் பின்னால் கிடந்தது. முதலிடத்தில் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ். அந்த ஏஞ்சல்ஸ் ஒன்பது ஆட்டங்கள் வரிசையாகத் தோற்றது, கொஞ்ச நாள் கழித்து இன்னொரு முறை ஒன்பது. அந்த ஆண்டுதான் வைல்டு கார்டு முறை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. தோற்றவனுக்கும் பரிசா என்று பழமைவாதிகள் பல்லைக் கடித்தார்கள். எனக்கும் அந்த ஏற்பாடு பிடிக்காது. ஆனால் முதலிடம் எட்டாது என்று நினைத்த சியாட்டில் மக்கள் முதலில் அந்த வைல்டு கார்டு ஆசையில்தான் அன்றைய மைதானமான கிங்டோமுக்கு வரத் தொடங்கினார்கள், வந்தவர்கள் முதலிடத்தையே பார்த்தார்கள். கடைசி ஐந்து ஆட்டங்களையும் ஏஞ்சல்ஸ் வென்று சமன் செய்ய, அக்டோபர் 2 அன்று ஒரே ஒரு தீர்ப்பு ஆட்டம் நடந்தது. சியாட்டிலுக்கு வீசியவர் ராண்டி ஜான்சன், எதிரே மார்க் லாங்ஸ்டன். 1989இல் லாங்ஸ்டனை வேறோர் அணிக்குக் கொடுத்துத்தான் சியாட்டில் ஜான்சனை வாங்கியிருந்தது. 9–1. ஏழாவது இன்னிங்ஸில் லூயிஸ் சோஹோ அடித்த பந்தில் பேஸில் இருந்த மூவரும் ஓடி வந்தார்கள், எறிதல் தவறியதால் அடித்தவரும் பின்னாலேயே வந்தார். லாங்ஸ்டன் ஹோம் பிளேட்டருகே மல்லாந்து விழுந்தார். இந்த விதி இப்போது இல்லை. 2022 முதல் சமநிலை வந்தால் தீர்ப்பு ஆட்டம் நடத்துவதில்லை, இரு அணிகளும் தங்களுக்குள் மோதியதில் யார் அதிகம் வென்றார்கள் என்று பார்த்து முடித்துவிடுகிறார்கள். நம் ஊர் நெட் ரன் ரேட் அளவுக்கு மோசமில்லை என்றாலும் ஓர் அருமையான நாளைக் காலண்டரிலிருந்து கிழித்துவிட்டார்கள்.

அந்த மாதத்தில் ஊசலாடியது பட்டம் மட்டுமல்ல. புதிய மைதானம் இல்லாவிட்டால் அணியை விற்றுவிடுவோம் என்று உரிமையாளர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்கான வரி உயர்வை செப்டம்பர் 19 அன்று கிங் கவுன்டி மக்களின் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். தபால் வாக்குகளையும் எண்ணி முடித்தபோது அது மயிரிழையில் தோற்றது. ஆனால் அதற்குள் ஊரே பேஸ்பால் பித்துப் பிடித்து அலைந்தது. அக்டோபரில் மாநில சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு வேறு வழியில் பணத்துக்கு ஏற்பாடு செய்தது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போகப்போகும் மைதானம் 1999இல் திறந்தது அப்படித்தான். மக்கள் வேண்டாம் என்று வாக்களித்த பிறகு பொதுப் பணத்தில் மைதானம் கட்டியது எனக்கு உவப்பில்லை, அது தனி வழக்கு. ஆனால் ஆகஸ்ட் தொடக்கத்தில் எல்லோரும் புத்திசாலிகளாக நம்பிக்கையை விட்டிருந்தால் நீங்கள் திட்டுவதற்கு இன்று ஓர் அணியே இருந்திருக்காது. உங்கள் ஊருக்கு அந்த அனுபவமும் உண்டு. 1969இல் பைலட்ஸ் என்றோர் அணி சியாட்டிலில் ஒரே ஒரு பருவம் ஆடியது. அடுத்த பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கையில் திவாலாகி மில்வாக்கிக்குப் போய்விட்டது.

உங்கள் கடைசி மூன்று ஆட்டங்கள் யாருடன் என்று பார்த்தீர்களா? ஓக்லாந்து. 1968 முதல் அந்த ஊரில் ஆடிய அணி வருகிற 26ஆம் தேதி தன் மைதானத்தில் கடைசியாக ஆடுகிறது. மறுநாள் சியாட்டில். ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் ஓக்லாந்து என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டு சாக்ரமெண்டோவில் சில ஆண்டுகள் ஒண்டுக்குடித்தனம், பிறகு லாஸ் வேகஸ் என்பது திட்டம். பச்சையும் மஞ்சளும் அணிந்தவர்கள் கொஞ்சம் பேராவது அங்கே வந்திருப்பார்கள். அவர்களிடம் பத்து ஆட்ட முன்னிலை இழந்த கதையைச் சொல்லிப் பாருங்கள்.

அதற்கு முன் டெக்ஸஸ், ஹூஸ்டன் பயணம் இருக்கிறது. அங்கேயே கதை முடிந்துவிடலாம், முடியாமலும் போகலாம். முடிந்தாலும் டிக்கெட்டை விற்காதீர்கள். மகளையும் கூட்டிப்போங்கள். கில்பெர்ட்டோ கிர்பியோ வீசும் நாளாக அமைந்தால் முதல் இரண்டு இன்னிங்ஸில் மட்டையாளரைப் பார்க்காமல் பிட்சரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

அவள் கேள்விக்கு என் பதில்: பேஸில் ஆள் இருக்கும்போது பிட்சர் வீசப்போவதுபோல் உடலை அசைத்துவிட்டு வீசாமல் நிறுத்தினால், ஓடக் காத்திருப்பவரை ஏமாற்றியதாகக் கொண்டு எல்லோரையும் ஒரு பேஸ் முன்னே அனுப்பிவிடுவார்கள். அதுதான் பால்க். எந்த அசைவு அதில் சேரும், எது சேராது என்று அவள் அடுத்த கேள்வி கேட்டால் அம்மாவிடம் அனுப்பிவிடுங்கள்.