அகுவா என்பது புதன்கிழமை பிறந்தவள்

வணக்கம். பக்கத்து வீட்டு கானாக்காரர்கள் குழந்தையை 'அகுவா' என்று கூப்பிடுகிறார்கள், பெயர் சூட்டும் சடங்கின் அழைப்பிதழிலோ வேறு பெயர் இருக்கிறது, வெள்ளிக் காப்பில் எதைப் பொறிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அழைப்பிதழில் உள்ளதையே பொறியுங்கள்.

நாம் நட்சத்திரம் பார்ப்பது போல, கானாவின் அக்கான் மக்களுக்குக் கிழமை முக்கியம். பிறந்த கிழமையே குழந்தையின் முதல் பெயராகிவிடும். அகுவா என்றால் புதன்கிழமை பிறந்த பெண். அதே நாளில் பிறந்த பையன் குவாகு. ஆக, புதனன்று பிறந்த பெண்கள் எல்லாருமே அகுவாதான். கானாக்காரரான ஐ.நா. முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பிறந்தது 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை. கோஃபி என்றால் வெள்ளியில் பிறந்த ஆண். கூடவே பிறந்த இரட்டைச் சகோதரி எஃபுவா, அதே வெள்ளியின் பெண் வடிவம். அன்னானின் நடுப்பெயரான 'அட்டா'வுக்கு இரட்டையர் என்று பொருள்.

குழந்தைக்கே உரிய பெயரை எட்டாம் நாள் சடங்கில் சூட்டுவார்கள். பெரும்பாலும் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் பெயராக இருக்கும். அழைப்பிதழில் இருப்பது அந்தப் பெயர்தான். அப்போது நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டு மதுவும் வைப்பார்கள். தண்ணீரைத் தண்ணீர் என்றும் மதுவை மது என்றும் சொல்லும் உண்மையோடு பிள்ளை வளரவேண்டும் என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது, தவறவிடாதீர்கள்.

காப்பின் உட்புறம் இடமிருந்தால் 'அகுவா' என்றும் சின்னதாகப் பொறிக்கச் சொல்லுங்கள். அப்புறம், எழுத்துக்கூட்டலை மட்டும் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.